மைக் அக்கா நம்பர் சொன்னால்

என் சித்தியின் குரல் இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். முகம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். டாக்சி கம்பெனியில் மைக் முன்னால் உட்கார்ந்திருப்பவள் அவள். நீங்கள் போன் செய்தால் எடுத்து, எங்கே நிற்கிறீர்கள், எங்கே போக வேண்டும் என்று கேட்டுவிட்டு, "அஞ்சு நிமிஷம் பொறுங்க, வண்டி வந்துட்டே இருக்கு" என்பாள். அந்த அஞ்சு நிமிஷம் சில நாள் கால் மணி நேரமாக நீளும். ஆனாலும் பெரும்பாலும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அவள் சொன்னால் வண்டி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருப்பது போலவே இருக்கும்.

அலுவலகம் டயர் கடைக்கு மேலே ஒற்றை அறை. படியேறும்போதே ரப்பர் வாடை மூக்கில் ஏறும். நீள மேஜை, இரண்டு போன், ஒரு மைக், சுவரில் ஆணி அடித்த ஒரு பலகை. பலகையில் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, பாலத்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று ஊரையே கூறு போட்டிருக்கும். ஒவ்வொரு வண்டிக்கும் நம்பர் எழுதிய தகர வில்லை ஒன்று. வண்டி எங்கே இருக்கிறதோ அந்த ஆணிக்கு வில்லை போய்விடும். சித்தி போனில் பேசிக்கொண்டே, பார்க்காமலே மாட்டுவாள்.

நம்பர் கண்ணெதிரே தொங்கினாலும் அவள் டிரைவர்களை நம்பர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "நம்பர் வண்டிக்கு. ஆளுக்கு எதுக்குடி நம்பர்? இது என்ன ஜெயிலா?" என்பாள். ஆளுக்கொரு பட்டப்பெயர் அவளே வைத்திருந்தாள். பச்சை விளக்கு எரிந்த பிறகும் ஒருமுறை யோசித்துவிட்டுக் கிளம்புகிறவர் ஆமை. வயதில் மூத்தவர் என்பதால் ஆமையண்ணே. அவரும் அவளை "சொல்லுங்கக்கா" என்பார். இருவரில் யார் பெரியவர் என்று கேட்டால் ஒருவரை ஒருவர் கை காட்டுவார்கள். இன்னொருவன் புது மாப்பிள்ளை. கல்யாணத்துக்கு மறுநாளே வண்டி எடுக்க வந்ததால் வந்த பெயர். இப்போது அவன் இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுத்தான் வேலைக்கு வருகிறான். பெயர் மட்டும் புதிதாகவே இருக்கிறது.

மைக்கில் ஒரு விதி உண்டு. ட்ரிப் சொன்னதும் டிரைவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது. சொல்லாவிட்டால் சித்தி விட மாட்டாள். "பிக்கப், ஆஸ்பத்திரி பின்வாசல். டிராப், பழைய மார்க்கெட். திருப்பிச் சொல்லு." எதிரில் ஏதாவது சாக்குச் சொன்னால் மறுபடியும், "திருப்பிச் சொல்லு." அப்புறம் மறுபேச்சு கிடையாது. மைக் சொன்னால் சொன்னதுதான்.

இந்த வேலைக்கு அவள் ஒரு மத்தியானத்துக்கு மட்டும் வந்தாள். அப்போது கீழே டயர் கடையில் பில் போடுகிற பெண். மேலே மைக்கில் இருந்தவருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். சாயங்காலம் டிரைவர்கள் மேலேறி வந்து, "நாளைக்கும் இந்தக் குரல்தானே?" என்று கேட்டார்களாம். அப்புறம் அவள் கீழே இறங்கியது சாப்பிடவும் வீட்டுக்குப் போகவும் மட்டும்தான்.

அதற்கெல்லாம் முன்பே அவளுக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. பாவாடை கட்டிய வயதிலிருந்து இன்சுலின் ஊசி. எங்கள் வீட்டில் யாரும் அதைப் பெரிதாகப் பேசியதில்லை. சித்தி ஊசி போட்டுக்கொள்வது மற்றவர்கள் தலை வாரிக்கொள்வது போல ஒரு காரியம். நான் பல வருஷம் எங்கெங்கோ சுற்றிவிட்டு, எங்கும் நிற்கப் பிடிக்காமல் திரும்பி வந்தபோது, அம்மா, "கொஞ்ச நாள் சித்தியோட இரு. அவ தனியா இருக்கா" என்று அனுப்பி வைத்தாள். யாரை யார் பார்த்துக்கொள்வதற்காக என்று இரண்டு பேரிடமும் சொல்லவில்லை.

சர்க்கரை ஏறுவதைப் பற்றித்தான் உலகம் பேசும். சித்திக்குப் பயம் இறங்குவதைப் பற்றி. ஊசி போட்டுக்கொண்டு சாப்பாடு தள்ளிப்போனால் இறங்கும். நிறைய நடந்தால் இறங்கும். சில நாள் காரணமே சொல்லாமல் இறங்கும். முன்பெல்லாம் கை நடுங்கும், வியர்க்கும், பசி வயிற்றைக் கிள்ளும். உடனே எதையாவது இனிப்பாக வாயில் போட்டுக்கொள்வாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்த அறிகுறிகள் மங்கிவிட்டன.

"எனக்குள்ள மணி அடிக்கிற ஆள் ஒருத்தன் இருந்தான்டி. அடிச்சு அடிச்சு அலுத்துப்போய்த் தூங்கிட்டான்" என்றாள் ஒரு சாயங்காலம், மொட்டை மாடியில் துணி மடித்துக்கொண்டே.

"இறங்கினா எப்படி இருக்கும் சித்தி?"

"எனக்கு ஒண்ணும் ஆகாது. மத்தவங்க எல்லாரும் முட்டாளாயிட்ட மாதிரி இருக்கும்." சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு ஒரு தலையணை உறையை இரண்டு தடவை மடித்தாள். "வார்த்தையெல்லாம் இருக்கும். பரண்ல இருக்கும். ஸ்டூல் போட்டு ஏறி எடுக்கணும். எடுத்துட்டு இறங்கறதுக்குள்ள எதுக்கு ஏறினோம்னு மறந்துடும். ரொம்பக் கஷ்டம் என்ன தெரியுமா? சர்க்கரை வேணும்னு நெனைக்கறதுக்கும் மூளைக்குச் சர்க்கரை வேணும்."

அன்றைக்குத்தான் புகார் விஷயத்தையும் சொன்னாள். நான் வருவதற்குக் கொஞ்ச காலம் முன்பு யாரோ ஒரு வாடிக்கையாளர் முதலாளிக்கே போன் போட்டிருக்கிறார். உங்கள் ஆபீஸில் இருக்கிற பெண் குடித்துவிட்டுப் பேசுகிறாள், நாக்குக் குழறுகிறது என்று. முதலாளி நல்ல மனிதர். சங்கடத்தோடு, "தண்ணி கிண்ணி போடற பழக்கம் ஏதாவது..." என்று இழுத்திருக்கிறார். சித்தி, தொண்டை கட்டியிருந்தது என்று சொல்லிச் சமாளித்துவிட்டாள். அவரும் அப்போதைக்கு விட்டுவிட்டார். ஆனால் படியிறங்கும் முன்பு ஒரு வார்த்தை: "இன்னொரு தடவை இப்படி நடந்தா மைக்குக்கு வேற ஆள் போட வேண்டியிருக்கும்க்கா. கீழ உங்களுக்கு ஒரு வேலை எப்பவும் உண்டு."

"கீழன்னா?"

"திரும்பவும் டயருக்குப் பில் போடணும்." மடித்த துணியைத் தட்டினாள். "டயர் திருப்பிப் பேசாதுடி."

அதிலிருந்து அவள் சர்க்கரையைக் கொஞ்சம் ஏற்றியே வைத்துக்கொள்ளப் பார்த்தாள். வேலைக்குக் கிளம்பும் முன்பு தேவையில்லாமல் இரண்டு பிஸ்கட். ஆஸ்பத்திரியில் நர்ஸ் திட்டினாள். "அங்க போனா ஏன் ஏறிச்சுங்கறாங்க. இங்க வந்தா ஏன் இறங்கிச்சுங்கறாங்க. நான் என்ன லிஃப்டா?" என்றாள் சித்தி.

அந்த மத்தியானம் மழை. இரண்டாவது போனை எடுக்கிற பெண்ணுக்குக் காய்ச்சல் என்று நான் போய் உட்கார்ந்திருந்தேன். சித்தி பின்னறையில் ஊசி போட்டுக்கொண்டு வந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். போன் அடித்தது. மூடினாள். திறந்தாள். ரயில் வந்துவிட்டது, ஸ்டேஷன் வாசலில் நின்ற கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் எங்களைக் கூப்பிட்டது. பிறகு பள்ளிக்கூடம் விட்டது. டப்பாவின் மூடி பாதி திறந்தபடியே கிடந்தது. நானும் என் பங்குக்கு ஒரு காதில் போனும் மறு காதில் மழையுமாக இருந்தேன்.

"பதினாலு. ஸ்டேஷன் வாசல்ல ஒரு அம்மா. ரெண்டு பெட்டி. தயவுசெய்து போய் ஏத்திக்கோங்க."

பதினாலு ஆமையண்ணனின் வண்டி. அவளுக்குக் கோபமோ, வேலை நெருக்கடியோ, அதனால்தான் கறாராகப் பேசுகிறாள் என்று நினைத்தேன். நடுக்கம், மயக்கம் என்று ஏதோ ஒன்றை நான் எதிர்பார்த்திருந்தேன். வந்தது மரியாதை. ஈரத் தரையில் நடக்கிறவள் மாதிரி ஒவ்வொரு சொல்லாக அடியெடுத்து வைத்துப் பேசினாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் மைக்கை அழுத்தினாள்.

"ஒன்பது. ஸ்டேஷன் வாசல்ல ஒரு அம்மா. ரெண்டு பெட்டி."

ஒன்பது புது மாப்பிள்ளை. "அக்கா, அந்த அம்மாவை ஆமையண்ணன் ஏத்திட்டாரே."

"ஏத்தட்டும். நீங்களும் ஏத்துங்க."

"ஆளுக்கொரு பெட்டியா?" யாரோ சிரித்தார்கள். பிறகு அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

நான் திரும்பிப் பார்த்தேன். சித்தி கையில் ஒரு வில்லையை வைத்துக்கொண்டு பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியாத ஊரில் பஸ் விட்டு இறங்கியவள் பார்ப்பது போன்ற பார்வை. பிறகு நிதானமாகத் திரும்பி, வில்லையை மைக்கின் கழுத்தில் மாட்டினாள். மழைக் குளிரிலும் அவள் மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

"சித்தி, சாப்பிடு. முதல்ல இந்த ஜூஸைக் குடி."

"எனக்கு ஒண்ணுமில்ல. நீங்கள்ளாம் ஏன் இன்னிக்கு இவ்வளவு மெதுவா பேசறீங்க?" நாக்கு தடித்திருந்தது. 'மெதுவா' என்ற சொல் வாயை விட்டு வெளியே வர நேரம் பிடித்தது.

என் பையிலிருந்து எடுத்த ஜூஸை அவள் வாயருகே கொண்டுபோனேன். கையால் தட்டிவிட்டாள். மேஜையெல்லாம் மஞ்சளாக வழிந்தது.

"குடிக்க மாட்டேன். குடிக்கிறேன்னுதான் முதலாளிகிட்டச் சொல்வாங்க."

கெஞ்சினேன், அதட்டினேன். அவள் என்னைப் பார்த்து இரக்கத்தோடு தலையாட்டினாள், ஏதோ நான்தான் சரியில்லாதவள் என்பது போல. ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தேன். அப்போது ரேடியோவில் 'டிக்' என்று ஒரு சத்தம். யாரோ பட்டனை அழுத்திவிட்டுப் பேசாமல் விட்டார்கள். மறுபடியும் டிக். மறுபடியும். பிறகு ஆமையண்ணன் குரல்.

"அக்கா, நான் யாரு?"

"பதினாலு."

"நம்பர் கேக்கல. என் பேர் என்ன?"

சித்தி உதட்டைத் திறந்தாள். மூடினாள். பரணுக்கு ஸ்டூல் போட்டு ஏறுவது எனக்கே தெரிந்தது. ஊர் முழுக்க அத்தனை வண்டிகளும் வைப்பர் ஆட மழையில் நின்று அவள் சொல்லப்போகும் ஒரு பெயருக்காகக் காத்திருந்தன. பெயர் வரவில்லை.

"சரிக்கா. ட்ரிப் ஒண்ணு சொல்றேன், கேளுங்க." அவர் குரலில் அவசரம் துளியும் இல்லை. அவரிடம் எப்போதும் இருந்ததும் இல்லை. "பிக்கப், உங்க வலது கைப்பக்க இழுப்பறை. துணிக்கு அடியில சிவப்பு மூடி டப்பா. நாலு மாத்திரை. டிராப், உங்க வாய். வழியில எங்கயும் நிறுத்தக் கூடாது. திருப்பிச் சொல்லுங்க."

சித்தியின் முதுகு நிமிர்ந்தது. நான் எவ்வளவு சொல்லியும் அசையாதவள், அந்த இரண்டு வார்த்தைக்கு நிமிர்ந்தாள்.

"பிக்கப்... இழுப்பறை. சிவப்பு மூடி. நாலு பேர்."

"பேர் இல்லக்கா, மாத்திரை. திருப்பிச் சொல்லுங்க."

"நாலு மாத்திரை. டிராப், வாய்."

"கிளம்புங்க."

இழுப்பறையை இழுத்தாள். கை துணிக்கு அடியில் தானாகப் போயிற்று. மூடியைத் திறக்க வரவில்லை; நான் திறந்து கொடுத்தேன். இந்தத் தடவை தட்டிவிடவில்லை. குளுக்கோஸ் மாத்திரைகளை ஒவ்வொன்றாக வாயில் போட்டு மென்றாள். இடது கை மைக் பட்டனிலேயே இருந்ததால் அவள் மெல்லுகிற சத்தம் எல்லா வண்டிகளுக்கும் போனது. ஒருவர்கூட இருமவில்லை.

"ட்ரிப் முடிஞ்சதும் சொல்லுங்கக்கா."

"முடிஞ்சுது."

"அப்படியே உக்காருங்க. லைனை நாங்க பாத்துக்கறோம்."

பார்த்துக்கொண்டார்கள். நான் போனில் வருகிற விலாசத்தைத் தட்டுத் தடுமாறி மைக்கில் சொல்ல, யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொன்னார். நடுவில் சித்தியின் விரல் நுனியில் ரத்தம் எடுத்துப் பார்த்தேன், மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. இன்னொரு ஜூஸைக் கொடுத்தேன், குடித்தாள். அளவு சரியான பிறகும் பேச்சு உடனே தேறவில்லை. கரண்ட் போய் வந்த வீட்டில் ட்யூப் லைட் கண் சிமிட்டுகிற மாதிரி சிமிட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு சோற்றைப் பிசைந்தாள். பாதிச் சாப்பாட்டில் நிமிர்ந்தாள்.

"ஏண்டி, இந்த வில்லையை மைக்ல யாரு மாட்டினது?"

"நீதான் சித்தி."

கொஞ்ச நேரம் வில்லையையே பார்த்தாள். கை கழுவிக்கொண்டு வந்து, அதைச் சரியான ஆணியில் மாட்டிவிட்டு, மைக்கை அழுத்தினாள்.

"ஆமையண்ணே."

"சொல்லுங்கக்கா."

அவ்வளவுதான்.

அந்த மூன்று டிக் சத்தத்துக்கு அர்த்தம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முதலாளியின் காரில் எப்போதும் ஒரு ரேடியோ செட் பேசிக்கொண்டிருக்கும். மைக்கில் சொன்னால் அவர் காதில் விழும். அக்கா நம்பர் சொல்ல ஆரம்பித்தால் சர்க்கரை இறங்குகிறது என்று டிரைவர்களுக்கு நெடுநாளாகவே தெரியும். அப்போதெல்லாம் ஆமையண்ணன் டீ குடிக்க வந்தவர் போலப் படியேறி வந்து, மேஜையில் எதையாவது இனிப்பாக வைத்துவிட்டுப் போவார். சிவப்பு மூடி டப்பா ஏன் காலியாவதே இல்லை என்று சித்தி யோசித்ததில்லை. அவள் அவர்களிடம் மறைத்தாள். அவர்கள் தங்களுக்குத் தெரியும் என்பதை அவளிடம் மறைத்தார்கள். அன்றைக்கு ஆமையண்ணன் ஸ்டேஷன் அம்மாவை ஏற்றிக்கொண்டு போய்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம், அசையாத வண்டிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்தார். பேசினால் அவள் வேலை போகும். பேசாவிட்டால் அவளே போய்விடலாம். "வாயைத் திறக்கறதுக்குள்ள மூணு தடவை பட்டனை விட்டுட்டேம்மா" என்றார் என்னிடம்.

அன்று மழை விடும் முன்பே முதலாளி படியேறி வந்தார். சட்டை தோளெல்லாம் நனைந்திருந்தது. நாற்காலியில் உட்காராமல் நின்றார்.

"கேட்டுட்டீங்க" என்றாள் சித்தி.

"கேட்டேன்."

"அன்னிக்கும் குடி இல்ல. இதுதான்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேக்கா."

"குடின்னா விட்டுடுன்னு சொல்வீங்க. விட்டுடலாம். இதை எங்க கொண்டுபோய் விடறது?"

அவர் கைக்குட்டையால் தலையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். "உங்க மேல கோபம் இல்ல. ஆனா இங்க தப்புச் சொன்னா அங்க ஒரு ஆள் மழையில நிக்கும். ஆஸ்பத்திரிக்குப் போறவங்க நிப்பாங்க. வர்றது உங்களுக்கே தெரியாதுன்னா, நான் எதை நம்பி உங்களை உக்கார வைக்கிறது?"

நியாயமான கேள்வி. சித்தி பலகையைப் பார்த்தாள், மைக்கைப் பார்த்தாள்.

"என்னை நம்ப வேணாம்" என்றாள். "அவங்களை நம்புங்க." ரேடியோவைக் காட்டினாள்.

அவர் பதில் சொல்லும் முன்பே மைக்கை அழுத்திவிட்டாள்.

"எல்லாரும் கேளுங்க. எனக்குச் சர்க்கரை இறங்கற வியாதி இருக்கு. ஒளிச்சு வெச்சிருந்தேன். ஒளிச்ச லட்சணம் இன்னிக்குத்தான் தெரிஞ்சுது." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "மைக் சொன்னா மறுபேச்சு இல்லன்னு நான்தான் சட்டம் போட்டேன். இனிமே உண்டு. நான் நம்பர் சொன்னா யாரா இருந்தாலும் என்னை நிறுத்தணும். 'அக்கா, என் பேர் என்ன'ன்னு கேக்கணும். வரலன்னா டப்பா ட்ரிப் சொல்லணும். எனக்கு ஒண்ணுமில்லன்னு நான் சொல்வேன். அதைக் கேக்கக் கூடாது. புரியுதா? திருப்பிச் சொல்லுங்க."

ஒவ்வொருவராகத் திருப்பிச் சொன்னார்கள், பட்டப்பெயரோடு. கடைசியில் புது மாப்பிள்ளை, "அக்கா, ஒரு சந்தேகம். நீங்க எங்களைத் திட்டறீங்களே, அதுவும் சர்க்கரை இறங்கினதாலதானா?" என்றான்.

"இல்லடா. அது உன்னாலதான்."

முதலாளி சிரிக்காமல் இருக்க முயன்று தோற்றார். அப்புறம் கறாராகவே இரண்டு விஷயம் சொன்னார். சாப்பாட்டு நேரத்தில் மைக் இன்னொருவர் கையில் இருக்க வேண்டும், ஊரே ஸ்டேஷனில் நின்றாலும் சரி. இரண்டாவது நாற்காலி ஒருநாளும் காலியாக இருக்கக் கூடாது. "இந்தப் பொண்ணு எத்தனை நாளைக்கு இருக்கும்?"

"அவளுக்குக் கால்ல சக்கரம்" என்றாள் சித்தி. "நம்பாதீங்க."

ஆஸ்பத்திரிக்கு இருவருமாகப் போனோம். நர்ஸ் ஊசியின் அளவை மாற்றினாள். கொஞ்ச காலம் சர்க்கரை அடிக்கடி இறங்காமல் பார்த்துக்கொண்டால் தூங்கிப்போன மணி சிலருக்குத் திரும்ப அடிப்பதுண்டு என்றாள். சித்தி பிஸ்கட்டை நிறுத்தினாள். மணி இன்னும் சரியாக எழுந்திருக்கவில்லை.

நேற்று மத்தியானம் வெயில். வேலை மந்தம். நான் இரண்டாவது நாற்காலியில் நகம் கடித்துக்கொண்டிருந்தேன். சித்தி மைக்கை அழுத்தி, மிகவும் மரியாதையாக, "ஒன்பது, எங்க இருக்கீங்க?" என்றாள்.

நான் டப்பாவுக்குக் கை நீட்டுவதற்குள் ரேடியோ முந்திக்கொண்டது.

"அக்கா, என் பேர் என்ன?"

"எனக்கு ஒண்ணுமில்ல."

"கேக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். பிக்கப், இழுப்பறை. டிராப், வாய். திருப்பிச் சொல்லுங்க."

என் சித்தி உலகத்தில் உள்ள எல்லா முட்டாள்களையும் ஒருசேரப் பார்ப்பது போல என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வேண்டா வெறுப்பாக, ஒரு சொல்கூடப் பிசகாமல் திருப்பிச் சொன்னாள். இழுப்பறையைத் திறந்தாள். மென்றாள். கீழே டயர் கடையில் யாரோ காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் கண் தெளிகிற வரைக்கும் லைன் காலியாகவே இருந்தது. பிறகு பட்டனை அழுத்தினாள்.

"புது மாப்பிள்ளை."

"சொல்லுங்கக்கா."

"பிள்ளைங்களுக்கு ஸ்கூல் விடற நேரம்டா. கிளம்பு."